இரட்டை வரிகளை அழிப்பவன்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "டேட்டா இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அக்காவிடம் அது நடக்காது. அவள் துருவித் துருவிக் கேட்டதில் ஒருநாள் உண்மையைக் கக்க வேண்டியதாகிவிட்டது. கடைக்காரர்கள் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலை எங்கள் கம்பெனிக்கு அனுப்புவார்கள். அதில் ஒரே ஆள் இரண்டு முறை இருப்பார். ஒருமுறை இனிஷியலோடு, ஒருமுறை இனிஷியல் இல்லாமல். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். அதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். கம்பெனியில் அதற்கு நல்ல பெயர்.

"அப்ப உனக்கு அழிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்றாள் அக்கா. நல்ல சம்பளம் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இந்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை, அதற்கான காரணங்களை அக்கா ஒரு பட்டியலாகவே வைத்திருக்கிறாள், அதில் ஒன்றுகூட இரண்டு முறை வராது. என் மேசை இருக்கும் அறைக்குப் பக்கத்து அறைதான் அம்மாவுடையது. நடுவில் ஒரு கதவு. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கதவை மூடி வைப்பதற்கு எனக்குத் தினமும் ஏதாவது ஒரு மீட்டிங் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அம்மா மாணவிகள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வாய் மூடியிருந்தால் தூங்குகிறாள் என்று அர்த்தம். மாடிப்படியின் கீழே நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால் மூன்றாவது மாடியில் விளக்கு அணையும். வீட்டிலும் அதே அதிகாரம்தான். பைக் வாங்கட்டுமா, தாடி வைக்கட்டுமா, வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகட்டுமா, எதைக் கேட்டாலும் பதில் "வேண்டாம்". பிறகு அது ஏன் வேண்டாம் என்பதற்கு அரைமணி நேரப் பேச்சு.

பக்கவாதம் வந்து அவளுடைய வலது கை துவண்டுபோனது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "ஆமா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "அம்மா, இது உங்க பையனா?"

"ஆமா."

"நீங்க ஆம்பளையா?"

"ஆமா."

"நாம இப்போ கப்பல்ல போய்க்கிட்டிருக்கோமா?"

"ஆமா" என்றாள் அம்மா, கண்களை இறுக மூடிக்கொண்டு. தான் சொன்னது தவறென்று அவளுக்குத் தெரிந்தது. கேட்பதெல்லாம் புரிகிறது, பதிலும் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வரும்போது மட்டும் இந்த ஒரு சொல்லாக மாறிவிடுகிறது என்று டாக்டர் வராந்தாவில் விளக்கினார். வாழ்நாள் முழுக்க அம்மா என் பேச்சுக்கு ஒருமுறையாவது ஆமா போடமாட்டாளா என்று ஏங்கியவன் நான். இப்போது எதற்கெடுத்தாலும் ஆமா போட்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் நடுக்கதவை மூடிக்கொண்டேன். இப்போதே கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். என் எல்லா மீட்டிங்குக்கும் அந்தச் சொல்தான் காரணம்.

வாரம் ஒருமுறை ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு பை நிறையப் படம் போட்ட அட்டைகள் கொண்டுவருவார். சாவி, குடை, பூனை. அம்மா எல்லா அட்டைக்கும் ஆமா சொன்னாள். சில வாரங்கள் கழித்து தெரபிஸ்ட் அட்டைகளைப் பையில் போட்டுவிட்டு எங்களிடம் பேசினார்.

"அம்மாவுக்கு மனப்பாடமா தெரிஞ்சது ஏதாவது இருக்கா? பாட்டு, ஜெபம், எதுவா இருந்தாலும் சரி. சொந்தமா பேசுறது ஒரு வழியா வருது, மனப்பாடம் வேற வழியா வருது. சில பேருக்கு அந்த வழி அடைபடாம இருக்கும். ஒரு சொல் வெளியே வந்துட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததை இழுக்கலாம். ஆனா நாள் போகப் போகக் கஷ்டம். இப்பவே தினம் நாலைஞ்சு தடவை செய்யணும்."

"வேதாகமம்" என்றோம் அக்காவும் நானும் ஒரே நேரத்தில். விடுதியில் தினமும் காலையில் மாணவிகளை உட்காரவைத்து அம்மா சத்தமாக வாசிப்பாள். அதில் துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் புத்தகம் முழுவதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் கடைசி பெஞ்சில் இருந்து, ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னதும் அப்படியே தூங்கிவிடுகிற ரகம்.

அம்மாவின் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தோம். எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. அம்மாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அக்கா பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இரண்டு அதிகாரம் வாசித்தாள். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆமா என்றாள். அதற்குமேல் அக்காவால் உட்கார முடியாது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் அவளுக்கு வேலை. போகிற வழியில் வந்து, வருகிற வழியில் எட்டிப்பார்த்துப் போகிறவள்.

"நீ வீட்லதானடா இருக்க? பக்கத்துல உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமா வாசிக்க வேண்டியதுதானே?"

இதற்கு மனசாட்சி உள்ளவன் சரி என்றிருப்பான். நான், "அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு" என்றேன். டேப்லெட்டில் ஒரு மென்பொருள். பெரிய எழுத்தில் ஒவ்வொரு வரியாக வரும். அம்மா இடது கையால் தொட்டால் அடுத்த வரி. யாரும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது. அம்மாவுக்கு மட்டும் ஏன், பேச்சிழந்த உலகத்து மனிதர்கள் எல்லாருக்குமாகச் செய்துவிடலாமே என்று தோன்றியது. அன்றே மென்பொருளுக்குப் பெயர் யோசித்தேன். மறுநாள் சின்னமும் வரைந்தாகிவிட்டது. உள்ளே போட ஒரு வசனம்கூடக் கையில் இல்லை.

அதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். வேதாகமம் இணையத்தில் கொட்டிக் கிடக்கும், அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் சுலபமாகக் கிடைத்த ஒன்றில் நாலு பக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். இரண்டு வரி பார்த்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அது புதிய மொழிபெயர்ப்பு. நான் படித்தால் புரிகிற தமிழ். அம்மாவுக்கு அது வேறு யாரோ சொல்கிற சங்கதி. அவள் நாக்கில் ஊறியிருந்தது அந்தப் பழைய மொழிபெயர்ப்பு, அதே சொற்கள், அதே வரிசை. ஒன்று மாறினாலும் உள்ளே இருக்கிற கதவு திறக்காது என்றார் தெரபிஸ்ட்.

சரி, பழையதைத் தேடுவோம் என்று இறங்கினேன். அங்கேதான் மண்டை காய ஆரம்பித்தது.

இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த தளங்கள் நிறைய. வாசிக்க இலவசம். எடுக்கப் போனால் கையைத் தட்டிவிடும். ஒரு செயலியில் வரியை நீண்ட நேரம் அழுத்தினால் ஒரு வசனம் மட்டும் நகலாகும், அதுவும் அடியில் அவர்கள் விளம்பரத்தோடு. இன்னொரு தளத்தில் "தாராளமாகப் பகிருங்கள்" என்றிருந்தது. நாலு பக்கம் தள்ளி, மென்பொருளில் சேர்ப்பது பகிர்வதில் அடங்காது என்றிருந்தது. வாழ்நாள் முழுக்க நிபந்தனைப் பக்கம் எதையும் படிக்காமல் "சம்மதம்" பொத்தானை அமுக்கியே வளர்ந்த நான், இப்போது ஒவ்வொரு நிபந்தனையையும் வக்கீல் மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பழைய மொழிபெயர்ப்பு யாருக்கும் சொந்தமில்லாத அளவுக்குப் பழையது என்றார்கள். ஆனால் அதை உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் இருக்கிறாரே, அந்தக் கோப்பு அவருடையது என்றார்கள். புத்தகம் பொது, எழுத்து பொது, ஃபைல் மட்டும் தனியார்.

ஒரு பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். உருக்கமாக ஆரம்பித்து, என் மென்பொருளின் பெருமையில் போய் முடித்திருந்தேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் நிறுவனத்தின் பெயர் என்ன, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், எந்தெந்த நாடுகளில் வெளியாகிறது என்று கேட்டிருந்தார்கள். நிறுவனம் நான். பயன்படுத்தப்போவது அம்மா. நாடு, பக்கத்து அறை. இதை எழுதி அனுப்ப வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அம்மாவின் புத்தகத்தையே ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரைப் படிக்கவைத்துப் பார்த்தேன். அது படித்துத் தந்ததில் தீர்க்கதரிசிகள் எல்லாரும் உளறினார்கள்.

ஒரு கட்டத்தில் அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "இத்தனை நாள் தேடின நேரத்துக்கு, பெரிய எழுத்துல கையாலயே எழுதி முடிச்சிருக்கலாமேடா. அம்மா அங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. உனக்கு லைசென்ஸா முக்கியம்?"

"முறைப்படி செய்யணும்கா" என்று சப்பைக்கட்டு கட்டினேன். என் கம்ப்யூட்டரில் பாதி மென்பொருள் திருட்டு மென்பொருள் என்பது அவளுக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு இரண்டு நாள் காதில் கேட்டது. தேடுவது எனக்குச் சுகமாக இருந்தது, அதுதான் விஷயம். தேடிக்கொண்டிருக்கும்வரை அம்மாவுக்காக உழைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா எதிரில் போய் உட்கார வேண்டாம்.

கடைசியில் இந்த மாதிரி ஃபைல் தேடுகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில் கேட்டுவைத்தேன். அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உரிமம் பற்றி மூன்று பேர் என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட்டார்கள். நான்காவதாக ஒரு அம்மையார், தட்டச்சுப் பள்ளி நடத்தி மூடியவராம், ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். "எங்க மாணவிகள் எல்லாரும் சேர்ந்து அடிச்சது. யார் வேணாலும் எடுத்துக்கலாம், எதுல வேணாலும் போடலாம். தப்பு இருந்தா திருத்தி எனக்கும் அனுப்புங்க." கீழே முழு வேதாகமமும் இருந்தது. பழைய மொழிபெயர்ப்பு. நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓடி வந்தேன்.

திறந்து பார்த்தால் கிறுக்கலாக இருந்தது. ஏதோ ஒரு காலத்து எழுத்துருவில் அடித்தது. அதை மாற்றுவதற்கு ஒரு புரோகிராம் எழுதி, எழுத்துகள் உருப்பெற்று வந்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. பல மாணவிகள் பங்கு போட்டு அடித்ததில், ஒருத்தி முடித்த இடத்துக்கு முன்பிருந்தே அடுத்தவள் ஆரம்பித்திருக்கிறாள். பல இடங்களில் வரிகள் இரண்டு முறை இருந்தன.

எனக்கு மகா சந்தோஷம். இரண்டு முறை வருவதை அழிப்பது! உலகத்தில் இதை என்னைவிட நன்றாகச் செய்ய யார் இருக்கிறார்கள்? கம்பெனி புரோகிராமை எடுத்து வேதாகமத்தின் மேல் ஓடவிட்டேன். காப்பியை ஆற்றி ஒரு வாய் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு அதிகாரத்துக்குள் ஒரே வரி எங்கே மறுபடி வந்தாலும் காலி. ஃபைல் இளைத்து, கச்சிதமாக இருந்தது.

"ஒருதடவை வாசிச்சுப் பார்த்துட்டியா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"மனுஷன் பார்த்தாத்தான் தப்பு விடுவான். மெஷினே பார்த்துடுச்சு" என்றேன். இந்த வாக்கியத்தை அக்கா இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்காட்டுகிறாள்.

ஞாயிறு பிற்பகல் வெள்ளோட்டம். தெரபிஸ்ட்டை அதற்கென்றே கூப்பிட்டிருந்தேன், பாராட்ட ஆள் வேண்டுமே. அம்மாவின் நாற்காலியை ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, எதிரே டேப்லெட்டை ஸ்டாண்டில் நிறுத்தினேன். சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தேன். முன்னுரையாகச் சில வார்த்தைகள் பேசவும் செய்தேன், எழுத்துரு மாற்றம், உரிமம், எதிர்காலத் திட்டம் என்று. அக்கா கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆமா என்றாள்.

அக்காதான் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்தாள். விடுதியில் அம்மா அடிக்கடி எடுப்பது அது. அதில் ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியை அம்மா வாசிப்பாள். இரண்டாம் பாதியை மாணவிகள் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். திரையில் முதல் பாதி தனி வரியாக வந்தது. அக்கா வாசித்தாள். அம்மா தொட்டாள். இரண்டாம் பாதி வந்தது, கடவுளின் கிருபைக்கு முடிவே இல்லை என்கிற வரி. அக்கா அதையும் வாசித்தாள். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தமில்லை. மறுபடி தொட்டாள். அடுத்த வசனத்தின் முதல் பாதி. மறுபடி தொட்டாள். அதற்கடுத்த வசனத்தின் முதல் பாதி.

அம்மாவின் விரல் நின்றது. திரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பின்னால் தள்ளிப் பார்த்து மறுபடி முன்னால் வந்தாள். அதே இடம். புரோகிராம் சிக்கிக்கொண்டது என்று நினைத்து, மானம் போகிறதே என்று நான் டேப்லெட்டை எடுக்கப் பாய்ந்தேன். தெரபிஸ்ட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க. யாரும் எதுவும் சொல்லாதீங்க."

அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். எல்லாரும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் விடுதியே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வார்டனுக்கு வருகிற கோபம். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தாள், மூடினாள். நான் ஆமாவுக்குத் தயாராகி, தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"கிருபை" என்றாள் அம்மா.

கரகரவென்று, பாதி காற்றாக. பிறகு மீதி வரி. ஒவ்வொரு சொல்லாக, கடைசி சொல்வரை. அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அம்மா டேப்லெட்டைத் தட்டினாள். அடுத்த முதல் பாதி வந்தது. அக்கா அழுதுகொண்டே அதை வாசித்தாள். இரண்டாம் பாதி திரையில் இல்லை, அம்மா சொன்னாள். அடுத்ததற்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும். குரல் ஏறிக்கொண்டே போனது, கடைசி வரிசையில் தூங்குகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வரி அந்தச் சங்கீதத்தில் வசனத்துக்கு வசனம் வரும். வரவேண்டும் என்றுதான் எழுதியவர் எழுதியிருக்கிறார். என் புரோகிராம் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, மற்ற அத்தனையையும் ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிட்டார் என்று அழித்துத் தள்ளியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் விழித்திருந்த எந்தக் குழந்தையும் செய்யாத தவறு.

அசடு வழிய ஆரம்பித்தேன். "அது வந்து... மூல ஃபைல்ல ஒரு சின்ன இது... அடுத்த பதிப்புல சரிபண்ணிடுவேன்..."

"சரிபண்ணாதீங்க" என்றார் தெரபிஸ்ட். "பழைய வேதாகமம்தான் வேணும்னு சொன்ன அன்னிக்கே சொன்னேனே சார், பாதி வாசிச்சுட்டு நிறுத்துங்க, அவங்களுக்காகக் காத்திருங்கன்னு. நீங்க அப்ப எழுத்து எவ்வளவு பெருசா இருக்கணும்னு குறிச்சுக்கிட்டிருந்தீங்க." சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். வாரா வாரம் கேட்கிற மாதிரியே, நிதானமாகக் கேட்டார். "அம்மா, இதை உங்க பையன் செஞ்சிருக்கார். நல்லா செஞ்சிருக்காரா?"

அந்த ஆமாவை எத்தனை மாதமாகக் கேட்டு வருகிறோம். வரிகள் வரும், போகும், அது மனப்பாடம். இது கேள்வி. இதற்குப் பதிலை அவள் சொந்தமாகத் தேட வேண்டும். அம்மா டேப்லெட்டைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட என் சட்டையைப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்தாள். உதட்டைக் குவித்து, விரித்து, எதையோ உள்ளேயிருந்து இழுத்தாள்.

"தப்பு" என்றாள்.

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது. கம்பெனியில் எத்தனையோ பேர் என் வேலையைத் தப்பென்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் விட்டதில்லை, நாள் கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். அன்று நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். கண் மறைத்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கெஞ்சினேன்.

சொன்னாள்.